நான்கு சீட்டு, நான்கு முடிவு: உள்ளாட்சித் தேர்தலில் கட்சி மாற்றி வாக்களிக்க விரும்புவோருக்கு

தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்போது கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குகள் உண்டு. 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் நடந்த தேர்தல்களில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துச் சீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வார்டுகளுக்கு ஒரே வாக்குச்சாவடி அமைந்த இடங்களில் ஒரு வார்டின் சீட்டு நீலமாக இருந்தது. நிறம் பிரித்ததற்கு எண்ணும்போது குழப்பம் வரக்கூடாது என்பதே காரணம் என்றாலும், இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு வேலைகளுக்கான நான்கு தேர்வுகள் என்பதை வாக்காளருக்கு நினைவூட்டவும் அந்த நிறங்கள் உதவும்.

ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து வாக்குக் கேட்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "அக்கா, மேலே ரெண்டும் நம்ம சின்னம், கீழே ரெண்டும் நம்ம ஆளு, நாலையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. அது அவர்களுடைய வேலை. நான்கையும் ஒரே பக்கம் போட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வாக்காளருக்கு இல்லை. சட்டமன்றத் தேர்தலில் தலைமுறை தலைமுறையாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், தம் கட்சிப் பற்றைக் கைவிடாமலேயே ஊராட்சியில் மாற்றுக் கட்சிக்காரருக்கு வாக்களிக்கலாம். அப்படிச் செய்ய நினைப்பவர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவை வாக்குச்சாவடி வரை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

கட்சி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, நான்கில் இரண்டு பதவிகளுக்குச் சட்டப்படி கட்சியே கிடையாது என்பது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சார்பற்ற முறையில்தான் தேர்தல் நடக்கிறது. வாக்குச்சீட்டில் உதயசூரியனோ இரட்டை இலையோ கையோ தாமரையோ இருக்காது. ஆட்டோ ரிக்‌ஷா, பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னங்களே இருக்கும். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மட்டுமே கட்சிச் சின்னத்தில் போட்டி.

சுவரொட்டியில் தலைவர்களின் படங்களைப் போட்டு, "கட்சியின் ஆதரவு பெற்ற வேட்பாளர்" என்று அச்சடித்து, கிளைச் செயலாளரையும் உடன் அழைத்துக்கொண்டு பூட்டு சாவிக்கு வாக்குக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆகவே இந்த இரண்டு சீட்டுகளைப் பொறுத்தவரை "கட்சி மாற்றி வாக்களிக்கிறோமே" என்ற உறுத்தலே தேவையில்லை. சட்டமே கட்சியை வெளியே நிறுத்திய இடத்தில், வாக்காளர் அதைத் தாமாக உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. உள்ளூரில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் தலைவர் பதவிக்கு எதிரெதிராக நிற்பதும், கட்சித் தலைமை இருவரில் யாரையும் கண்டிக்காமல் வெற்றி பெற்றவரை மாலை போட்டு வரவேற்பதும் பல ஊர்களில் பார்த்ததுதான்.

தலைவருக்கு யார், வார்டுக்கு யார்

கிராம ஊராட்சியில் உண்மையான அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அவரே ஊராட்சியின் நிர்வாக அலுவலர். குடிநீர், தெருவிளக்கு, வடிகால், குப்பை, ஊராட்சிச் சாலை, மயானம் ஆகிய அன்றாடத் தேவைகள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வருகின்றன. அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், ஐந்தாண்டுப் பதவி. எனவே இளஞ்சிவப்புச் சீட்டில் தகுதி ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மோட்டார் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார், டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் வேலை வாங்கத் தெரிந்தவரா, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை நகர்த்தக்கூடியவரா, காலனித் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் ஒரே அளவில் தண்ணீர் விடுபவரா என்ற கேள்விகளுக்கு எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையிலும் விடை கிடைக்காது.

ஆளுங்கட்சிக்காரர் வந்தால்தான் நிதி வரும் என்று சொல்வார்கள். இதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். மத்திய நிதிக்குழு மானியமும் மாநில நிதிக்குழு மானியமும் வரையறுக்கப்பட்ட முறைப்படி ஊராட்சியின் கணக்குக்கு வருபவை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சியே வசூலிப்பவை. இவற்றுக்கு அமைச்சரின் தயவு தேவையில்லை. அதே நேரத்தில், சிறப்புத் திட்டங்களில் எந்த ஊரை முதலில் எடுப்பது என்று முடிவாகும் இடத்தில் அரசியல் தொடர்பு பயன்படுகிறது என்பதும் உண்மை. ஆகவே அந்த வாதத்தைச் சொல்பவரிடம், அந்த வேட்பாளர் தம் தொடர்பைக் கொண்டு இதுவரை ஊருக்கு என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை வைத்து முடிவு செய்யலாம்.

வெள்ளைச் சீட்டைப் பலரும் அக்கறையில்லாமல் குத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன், சொந்தக்காரர், கேட்டுவிட்டார், போட்டுவிட்டோம் என்று அந்த வாக்கு கரைந்துபோகிறது. இதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 6 முதல் 15 வரையிலான வார்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்கள் தமக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சியின் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதாவது, தலைவரின் கையைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரே ஆளை நாம் மறைமுகமாகத் தேர்ந்தெடுப்பது இந்த வெள்ளைச் சீட்டில்தான்.

தலைவரும் வார்டு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே அணியிலிருந்து வந்துவிட்டால், இரண்டாவது கையெழுத்து வெறும் சடங்காகிவிடுகிறது. சில ஊர்களில் தேதியும் தொகையும் எழுதாத காசோலைப் புத்தகத்தில் துணைத் தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதை எல்லோரும் அறிவோம். மாறாக, தலைவருக்கு முற்றிலும் பகையான ஒருவர் துணைத் தலைவராக வந்து, கையெழுத்துப் போட மறுத்து, தூய்மைக் காவலர்களின் ஊதியமும் மின்கட்டணமும் மாதக்கணக்கில் நின்றுபோன ஊர்களும் இருக்கின்றன. ஆகவே இளஞ்சிவப்பில் ஓர் அணிக்கும் வெள்ளையில் மற்ற அணிக்கும் வாக்களிப்பது நல்லதா என்றால், அந்த வார்டு வேட்பாளர் கணக்கைக் கேட்கத் தெரிந்தவராகவும், கேட்ட பிறகு நியாயமான செலவுக்குக் கையெழுத்துப் போடக்கூடியவராகவும் இருந்தால் மட்டும் நல்லது. தலைவரோடு வாய்க்கால் தகராறு உள்ளவரை வார்டுக்கு அனுப்பி "கட்டுப்படுத்துவார்" என்று எதிர்பார்ப்பது ஊரின் ஐந்தாண்டுகளைப் பாழாக்கிவிடும்.

பச்சையும் மஞ்சளும்

ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் வேறு கணக்கு. இங்கே கட்சிச் சின்னம் இருக்கிறது என்பதோடு, ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. வெற்றி பெற்ற கவுன்சிலர்கள் கூடித் தமக்குள் ஒருவரைச் சேர்மன் ஆக்குகிறார்கள். எனவே பச்சைச் சீட்டில் நீங்கள் குத்துவது இரண்டு வேலை செய்கிறது: உங்கள் பகுதிக்கு ஒரு கவுன்சிலரையும் தருகிறது, எந்தக் கட்சியின் சேர்மன் வரவேண்டும் என்பதில் ஒரு கையையும் உயர்த்துகிறது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் ஒன்றிய வார்டு. 50,000 பேருக்கு ஒரு மாவட்ட வார்டு. ஒன்றிய வார்டில் வேட்பாளரை நேரில் அறிந்திருக்க வாய்ப்பு உண்டு. மாவட்ட வார்டில் பெரும்பாலானோருக்கு அது இல்லை.

இதனால் பச்சைச் சீட்டில் ஆளைப் பார்த்துக் கட்சி மாற்றுவதற்கு நியாயம் அதிகம். ஒன்றியச் சாலைகளும் ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பும் அந்த மன்றத்தில் பேசப்படுகின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியின் ஓட்டுக் கூரை ஒழுகுவதைத் தீர்மானமாக்கப் பேசத் தெரிந்த கவுன்சிலர், எதிர்க்கட்சியில் இருந்தாலும் பயன்படுவார். மஞ்சள் சீட்டில் அப்படி மாற்றுவதற்குக் காரணம் குறைவு. மாவட்ட ஊராட்சியின் பணி பெரிதும் திட்டமிடலும் ஆலோசனையும் சார்ந்தது, வேட்பாளரும் அறிமுகமில்லாதவர். தெரியாத ஒருவரைத் தெரிந்தவர்போல் எடைபோடுவதைவிட, உங்கள் கட்சிக் கருத்துப்படி வாக்களித்துவிடுவதே நேர்மையானது.

ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. அது உள்ளாட்சி உறுப்பினர்களுக்குப் பொருந்தாது. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்று தனிச் சட்டம் உண்டு. இங்கே நிலைமை அப்படி இல்லாததால், ஒரு சின்னத்தில் வென்றவர் சேர்மன் தேர்தலன்று மறு அணிக்குப் போய்விடலாம். 2022 மார்ச் 4 அன்று நகர்ப்புற மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றில் திமுகவினரே போட்டியிட்டு வென்றதும், அவர்களைப் பதவி விலகும்படி கட்சித் தலைமை பகிரங்கமாகச் சொல்ல நேர்ந்ததும் அனைவரும் அறிந்தது. அந்தத் தாவலைக் கட்சி கண்டிக்கலாம். வாக்காளரால் ஐந்தாண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. எனவே வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நிற்கிறார் என்பதோடு, இதற்கு முன் எத்தனை சின்னத்தில் நின்றார் என்பதையும் விசாரியுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பே வாய்க்கவில்லை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வாக்காளருக்கு வார்டு உறுப்பினருக்கான ஒரே வாக்கு மட்டும் உண்டு, அதுவும் இயந்திரத்தில். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரையும் நேரடியாகத் தேர்ந்தெடுத்ததால், மேயருக்கு ஒரு கட்சி, கவுன்சிலருக்கு வேறு கட்சி என்று வாக்களிக்க முடிந்தது. 2022இல் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறை நீடிக்கும்வரை நகர வாக்காளர், நல்ல கவுன்சிலர் முக்கியமா, தாம் விரும்பும் கட்சியின் மேயர் முக்கியமா என்று ஒரே பொத்தானில் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்தலில் இயந்திரத்தில் நோட்டாவும் இல்லை. கவுன்சிலரின் அலுவலகத்துக்கு அடிக்கடி போகவேண்டிய தேவை உள்ளவர்கள், அதாவது குடிநீர் லாரியையும் சாக்கடை அடைப்பையும் நம்பி வாழும் பகுதியினர், ஆளைப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன்.

வேட்பாளரை எடைபோடுதல்

கிராம சபைதான் இதற்குச் சிறந்த இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. அங்கே ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும். பெரும்பாலான ஊர்களில் செயலர் வேகவேகமாக வாசிக்க, கூட்டம் தேநீருக்குக் காத்திருக்க, கையெழுத்துப் பதிவேடு சுற்றி வரும். அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு செலவினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், எந்தத் தெருவில், எத்தனை விளக்கு, யாரிடம் வாங்கியது என்று கேளுங்கள். அப்போது பதவியில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார், அடுத்து நிற்கப்போகிறவர் அந்தக் கேள்விக்குத் துணை நிற்கிறாரா, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்பதைக் கவனித்தால், பத்து நாள் பிரசாரத்தில் தெரியாதது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

27 மாவட்டங்களில் 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற ஊரக உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. பதவி போன பிறகும் குடிநீர்க் குழாய் உடைப்புக்கு முன்னால் வந்து நின்றவர் யார், வெற்றி பெறாமலேயே மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் யார் என்பது இப்படிப்பட்ட இடைவெளிக் காலத்தில்தான் வெளிச்சமாகிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேட்புமனுவோடு வேட்பாளர் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்குகளும் சொத்து விவரமும் இருக்கும். தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், சுவரொட்டியில் வேட்பாளரின் படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருந்தால், வாசலுக்கு வந்திருப்பவரிடம் வேட்பாளரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அவரே பேசினால், ஊரின் தேவையை அவரே சொன்னால், எந்த அணியில் இருந்தாலும் அவரைப் பரிசீலிக்கலாம். பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினர் தங்கள் சொற்படி ஆடும் ஒருவரை நிறுத்தி "ஊர்ப் பொது வேட்பாளர்" என்று பெயர் சூட்டும் கொடுமையும் நடக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். எதிர்த்து நிற்பவர் யார் என்று பார்ப்பதும், கட்சி வேலியை மட்டுமல்லாமல் சாதி வேலியையும் தாண்டி வாக்களிப்பதும் அங்கே மிக அவசியமாகின்றன. பதவியை ஏலம் விடும் ஊர்களில் வாக்களிக்கும் வாய்ப்பே பறிபோகிறது என்பதால், அப்படி ஒரு பேச்சு எழுந்தவுடனேயே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வாக்கைக் காப்பாற்றுதல்

முடிவு எடுத்தாயிற்று, அதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. "நம்ம வீட்டு ஓட்டு நாலும் நமக்குத்தானே" என்று கேட்கும் உறவினரிடம் வாதாடுவதால் மனவருத்தம்தான் மிஞ்சும்; "பார்த்துச் செய்யலாம் அண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வது பொய்யும் ஆகாது. பணம் கொடுத்துக் கற்பூரம் அணைத்தோ குழந்தை தலையில் கைவைத்தோ சத்தியம் வாங்குபவர்கள் வந்தால், பணத்தையே வாங்காமல் இருப்பதுதான் வழி. கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். வாங்கிய பிறகு சத்தியத்துக்குப் பயந்து ஐந்தாண்டை அடகு வைத்தவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

யார் யாருக்குப் போட்டார்கள் என்பது தெரிந்துவிடும் என்று மிரட்டுவது சிறிய வார்டுகளில் சாதாரணம். வார்டின் மொத்த எண்ணிக்கைதான் வெளியே தெரியும். எந்தச் சீட்டு யாருடையது என்பது தெரியாது. கைப்பேசியை மறைவிடத்துக்குள் எடுத்துச்சென்று சீட்டைப் படம் பிடித்து வரச் சொன்னால், அது விதிக்குப் புறம்பானது என்று மறுத்துவிடுங்கள். பார்வைக் குறைபாடோ உடல் தளர்ச்சியோ உள்ள முதியவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச்செல்ல இடமுண்டு. அந்தத் துணையைக் கட்சி முகவர் தேர்ந்தெடுக்க விடாமல், பாட்டி தாமே தேர்ந்தெடுக்கட்டும்.

நான்கு சீட்டுகளையும் வெவ்வேறு சின்னங்களில் முத்திரையிடப்போகிறவர் கொஞ்சம் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளைக்கு இன்ன சின்னம், இளஞ்சிவப்புக்கு இன்ன சின்னம் என்று நிறத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். வேட்பாளர் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்தால் ஒத்த தோற்றமுள்ள சின்னங்கள் ஏமாற்றாது. மறைவிடத்தில் நான்கையும் ஒன்றாக விரிக்காமல், ஒரு சீட்டை மட்டும் பலகையில் விரித்து, சின்னத்தின் மீதோ பெயர் இருக்கும் கட்டத்துக்குள்ளோ முத்திரையை ஒருமுறை நேராக அழுத்தி எடுங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மீது விழுந்தால் எண்ணும் மேசையில் தகராறுக்கு இடமாகும். மை சற்று உலரவிட்டு, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்க வேண்டும். குறுக்காக முதலில் மடித்தால் ஈர மை எதிரில் உள்ள இன்னொரு சின்னத்தில் பதிந்து ஐயத்தைக் கிளப்பும். அதன் பிறகே அடுத்த சீட்டை எடுங்கள். கைநாட்டு வைப்பதோ பேனாவால் குறியிடுவதோ கையெழுத்திடுவதோ செல்லாது. ஒரு சீட்டில் தவறு நேர்ந்தால் அந்தச் சீட்டு மட்டுமே செல்லாததாகும். மற்ற மூன்றும் எண்ணப்படும் என்பதால் பதற்றப்பட வேண்டாம். நான்கில் ஒரு பதவிக்கு எவருமே தகுதியானவராகத் தெரியவில்லை என்றால், அந்தச் சீட்டில் முத்திரை குத்தாமலேயே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம்.

முடிவு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. உறுப்பினர்கள் பதவியேற்ற சில நாள்களிலேயே துணைத் தலைவரையும் ஒன்றிய, மாவட்டத் தலைவர்களையும் தேர்ந்தெடுக்கும் கூட்டங்கள் நடந்துவிடும்; 2020இல் ஜனவரி 6 அன்று பதவியேற்பு நடந்தது, 11 அன்று மறைமுகத் தேர்தல் வந்துவிட்டது. அந்த ஐந்து நாள்களில் உறுப்பினர்களைத் தேடிப் பேரம் பேசுபவர்கள் வருவார்கள், சிலரைச் சுற்றுலா என்று வெளியூருக்கு அழைத்துச்சென்றுவிடுவார்கள். அதற்கு முன்பாக, நீங்கள் வெள்ளைச் சீட்டில் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் வீட்டுக்குத் தெருவாசிகள் நான்கைந்து பேராகச் சென்று, துணைத் தலைவராக யார் வந்தால் காசோலையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார் என்று நினைக்கிறீர்களோ, அவர் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.